ராவிக்கரை உழவர்

ஊர் விட்டு ஊர் போய் ஆண்டவனைத் தேடுவோரை நாம் அறிவோம். காசிக்குப் போவோர் உண்டு. மெக்காவுக்குப் போவோர் உண்டு. ஜெருசலேமுக்குப் போவோர் உண்டு. மலை கடந்து போவர், கடல் கடந்து போவர், கடன்பட்டும் போவர். தொலைவு கூடினால் புண்ணியமும் கூடும் என்று கணக்குச் சொல்லி அனுப்பிவைப்போரும் உளர். ஆனால், 5 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள ஓர் இடத்தைக் கண்ணால் காண முடிந்தும், காலால் நடந்து சென்றடைய முடியாமல், 72 ஆண்டுகள் காத்துக்கிடந்த மக்களை நாம் அறிவோமா?

பஞ்சாபிலே, குர்தாஸ்பூர் மாவட்டத்திலே, எல்லையோரத்தில் தேரா பாபா நானக் என்றோர் ஊர். அங்கே எல்லைக் காவல் படையினர் மேடை ஒன்று அமைத்து, தொலைநோக்கியும் வைத்தனர். யாத்திரிகர் வரிசையாக நிற்பர். முறை வந்ததும் கண்ணாடியில் கண் பதித்துப் பார்ப்பர். முள்வேலிக்கு அப்பால், வயல்வெளிக்கு அப்பால், வெண்ணிறக் கட்டடம் ஒன்று தெரியும். கைகூப்புவர், கண்கலங்குவர், திரும்பிவிடுவர். அந்தக் கட்டடம் இருப்பது கர்த்தார்பூரில். கர்த்தார்பூர் இருப்பது பாகிஸ்தானில். நடந்தால் ஒரு மணி நேரம். ஆனால், இடையிலே இரண்டு அரசுகள், இரண்டு படைகள், ஒரு வேலி!

அந்தக் கட்டடத்துக்கு உரியவர் மன்னர் அல்லர்; மடாதிபதி அல்லர். ஏர் பிடித்து உழுதவர். விளைந்ததை ஊரோடு உண்டவர். வாழ்நாளெல்லாம் மனிதருக்கு நடுவே கோடு கிழிக்காதீர் என்று கூறிவந்தவர். அப்படிப்பட்டவரின் ஊர் மீதுதான் நாட்டைப் பிளந்த கோடு வந்து விழுந்தது. குரு நானக் என உலகம் அழைத்திடும் அந்த உழவரின் கதையை உழைக்கும் தோழர்கள் அறிந்திட வேண்டும் என்று விரும்புகிறோம்.

1469-ஆம் ஆண்டு. லாகூருக்கு மேற்கே தல்வண்டி எனும் சிற்றூர். அவர் பிறந்ததால் பிற்காலத்தில் நன்கானா சாகிப் எனப் பெயர் பெற்ற ஊர் அதுதான். தந்தை காலு, ஊர்க் கணக்குப்பிள்ளை, சாதியில் கத்ரி. ஊரின் பெருநிலக்கிழார் ராய் புலார் என்பவர் முஸ்லிம். டில்லியில் லோடி வம்சத்து சுல்தான்கள் ஆண்ட காலம். ஒருபுறம் வேதமும் பூணூலும் காட்டி உயர்வு தாழ்வு பேசும் புரோகிதர் கூட்டம். மறுபுறம் ஆட்சி தமது என்ற மமதையில் ஆணவம் பேசும் முல்லாக்கள், காஜிகள். இருவருக்கும் இடையிலே, வரி கொடுத்து வதைபடும் ஏழை எளியோர். அந்த ஏழை, கோயிலுக்குப் போனாலும் எட்டி நின்றான்; அரண்மனைக்குப் போனாலும் எட்டி நின்றான்.

நானக்கின் வாழ்வைக் கூறும் நூல்களை ஜனம்சாகி என்பர். அவை அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அன்பு கொண்ட அடியார்களால் எழுதப்பட்டவை. ஆகவே அற்புதங்கள் அவற்றிலே நிரம்ப உண்டு. பாம்பு குடை பிடித்தது, பாறை கையால் நின்றது என்றெல்லாம் கூறும். அவற்றை நம்பும்படி நாம் கூறவில்லை. பதரைத் தூற்றிவிட்டு மணியை எடுத்துக்கொள்வது உழவர் வழக்கம். நாமும் அப்படியே செய்வோம். ஒரு மக்கள் கூட்டம் தன் தலைவனைப் பற்றி எத்தகைய கதையைக் கட்டிக்கொள்கிறது என்பதிலும் வரலாறு இருக்கிறது அன்றோ!

சிறுவன் நானக்குக்குப் பூணூல் அணிவிக்க நாள் குறித்தனராம். சுற்றம் கூடிற்று, விருந்து தயார், புரோகிதர் நூலை நீட்டினார். சிறுவன் கழுத்தை நீட்டவில்லை! பருத்தி நூல் நைந்துபோகும், அழுக்கேறும், பிணத்தோடு வெந்துபோகும். இரக்கமும் நேர்மையும்தானே மனிதன் அணிய வேண்டியவை என்ற கருத்துப்படக் கேட்டிட, சபை திகைத்ததாம். இந்தக் கருத்தை அவரே பின்னாளில் பாடலாகவும் செய்துள்ளார். 

வளர்ந்த மகன் வாணிபம் பழகட்டும் என்று தந்தை 20 ரூபாய் கொடுத்து அனுப்பினார். வழியிலே பசித்துக்கிடந்த பரதேசிகளைக் கண்டார் மகன். கையிலிருந்த பணமெல்லாம் அவர்களுக்குச் சோறாயிற்று. இதைவிட மெய்யான வாணிபம் வேறில்லை என்று கூறி வெறுங்கையோடு வீடு திரும்பினார். தந்தையிடம் அடியும் வாங்கினார். கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு இடித்தது, இடித்திடாமல் இருக்குமா?

பின்னர், தமக்கை நானகியின் கணவர் முயற்சியால் சுல்தான்பூர் எனும் ஊரில் வேலை கிடைத்தது. தௌலத்கான் லோடி எனும் ஆளுநரின் தானியக் களஞ்சியத்தில் கணக்கர் உத்தியோகம். குடிமக்கள் வரியாகச் செலுத்தும் தானியத்தை அளந்து வாங்குவதும், உரியவர்க்கு அளந்து கொடுப்பதும் பணி. அளந்துகொண்டே வருகையில் பதின்மூன்று வந்ததும் அங்கேயே நின்றுவிடுவாராம். பஞ்சாபி மொழியில் பதின்மூன்று எனும் எண்ணுக்கும், உன்னுடையது எனும் சொல்லுக்கும் ஒரே ஒலி. எல்லாம் உன்னுடையது, உன்னுடையது என்று மெய்மறந்து அள்ளிக் கொடுத்தார். பொறாமைக்காரர் புகார் செய்தனர். கணக்குப் பார்த்தபோது இருப்பு குறையவில்லை என்று கதை முடியும். இருப்பு குறையாதது அற்புதம் என்பர் அடியார். ஏழைக்கு அளக்கும்போது மரக்காலை மழுக்காமல் அளந்த ஓர் அதிகாரியை மக்கள் கண்டனரே, அதுவே அந்தக் காலத்திய அற்புதம் என்போம் நாம்.

அந்த ஊரின் ஓடையிலே ஒருநாள் நீராடச் சென்றவர் மூன்று நாள் காணாமற் போனார். திரும்பி வந்தவர் கூறிய முதற் செய்தி, இந்து என்றும் இல்லை, முஸ்லிம் என்றும் இல்லை என்பதாம். 1499-ஐ ஒட்டிய காலம்; அவருக்கு வயது 30. திருமணமாகி இரு மைந்தர்கள் இருந்தனர். வேலையைத் துறந்தார், வீட்டைத் தமக்கையின் பொறுப்பில் விட்டார், வழிநடை தொடங்கினார்.

உடன் சென்றவர் யார் தெரியுமா? மர்தானா என்பவர். பிறப்பால் முஸ்லிம்; அதிலும், பாடிப் பிழைக்கும் தாழ்ந்த குலத்தவர். நம் நாட்டுப் பாணர் யாழ் மீட்டியதுபோல் அவர் ரபாப் எனும் நரம்புக் கருவியை மீட்டுவார், நானக் பாடுவார். பசி பொறுக்காதவர் மர்தானா, அதைப் பொறுத்துச் சிரிப்பவர் நானக் என்று கதைகள் கூறும். ஒரே தட்டில் உண்டனர், ஒரே மரத்தடியில் உறங்கினர். கத்ரி வீட்டுப் பிள்ளையும் முஸ்லிம் பாணரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இணைபிரியாது நடந்தார்கள் என்றால், அந்த நடை ஒன்றே அக்காலத்துச் சாதி ஆணவத்தின்மீது ஓங்கி விழுந்த அடி அல்லவா! உடையிலும் வேடிக்கை செய்தார். இந்துச் சாமியாரின் உடையில் பாதி, முஸ்லிம் பக்கிரியின் உடையில் பாதி. பார்ப்பவர், நீர் யார் என்று கேட்டே தீரவேண்டும். கேட்டால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் மூடத்தனம் தளரும்.

யாத்திரைத் தலங்களுக்கு அவர் போனார். புண்ணியம் சேர்த்திட அல்ல. அங்கே கூடும் மக்களிடம் பேசிட. அரித்துவாரத்தில் கங்கையில் நின்றோர், மறு உலகில் இருக்கும் மூதாதையருக்கு என்று கிழக்கு நோக்கி நீரை அள்ளி விடுவதைக் கண்டார். இவர் மேற்கு நோக்கி அள்ளி வீசலானார். கூட்டம் கூடிற்று, கேலி செய்தது. பஞ்சாபிலே என் வயல் காய்கிறது, அதற்கு நீர் பாய்ச்சுகிறேன் என்றாராம். இங்கிருந்து வீசும் நீர் அவ்வளவு தொலைவு போகுமா என்று நகைத்தனர். கண்காணாத மேலுலகம்வரை உங்கள் நீர் போகுமானால், இதே மண்ணில் இருக்கும் என் வயலுக்குப் போகாதோ என்று திருப்பிக் கேட்டாராம். நாலு வரிக் கதை. நானூறு பக்கப் புத்தகத்தின் வேலையைச் செய்கிறது.

ஒரு பக்கத்தாரை மட்டும் இடித்தார் என்று எவரும் எண்ணிட வேண்டாம். மெக்காவுக்குச் சென்றார் என்றும், காபா இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுத்தார் என்றும், காவலர் கோபித்தபோது ஆண்டவன் இல்லாத திசை ஒன்றைக் காட்டினால் அந்தப் பக்கம் காலைத் திருப்பிக்கொள்வதாகக் கூறினார் என்றும் மரபு கூறும். காலைத் திருப்பிய பக்கமெல்லாம் காபாவும் திரும்பியது என்பது அடியார் சேர்த்த அணி. அது நமக்கு வேண்டாம். அந்தக் கேள்வி போதும். இரு மதத்தாரையும் அவரவர் தலத்திலேயே, அவரவர் வழியிலேயே சிந்திக்கச் சொன்ன துணிவு போதும்.

பாட்டாளித் தோழர்கள் மறக்கலாகாத கதை ஒன்று உண்டு. சையத்பூர் எனும் ஊரில் லாலோ என்ற தச்சர் வீட்டில் தங்கினார் நானக். அதே ஊரில் மாலிக் பாகோ எனும் செல்வச் சீமான் பெருவிருந்து வைத்தார், நானக்கை அழைத்தார், நானக் போகவில்லை. வற்புறுத்தி வரவழைத்து, மேற்குலத்தில் பிறந்தவர் தச்சன் வீட்டுக் கூழை உண்டு என் விருந்தை மறுப்பது ஏன் என்று சீறினார் சீமான். ஒரு கையில் தச்சரின் காய்ந்த ரொட்டி, மறு கையில் சீமானின் நெய்ப் பலகாரம். இரண்டையும் பிழிந்தார் நானக். ரொட்டியில் பால் கசிந்தது, பலகாரத்தில் இரத்தம் சொட்டியது என்பர். பாலும் கசிந்திராது, இரத்தமும் சொட்டியிராது என்பதை நாம் அறிவோம். ஆனால், ஏழையின் உழைப்பை உறிஞ்சிச் சமைத்த விருந்திலே என்ன இருக்கிறது என்பதை, 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மக்கள் கூட்டம் கண்டுகொண்டது. அதைக் கதையாக்கிக் குழந்தைகளுக்குக் கூறியும் வந்தது!

அதே சையத்பூரைத்தான், 1520-ஐ ஒட்டிப் படையெடுத்து வந்த பாபர் சூறையாடினார். அந்தக் கொடுமையைக் குறித்து நானக் பாடல்கள் செய்தார். படையெடுத்தவனைக் கண்டித்தார், அதோடு நின்றாரில்லை. குடிகளைக் காக்க வக்கற்று, களியாட்டத்தில் மூழ்கிக்கிடந்த லோடி ஆட்சியாளரையும் கண்டித்தார். இந்துப் பெண்டிரும் முஸ்லிம் பெண்டிரும் ஒருசேரச் சீரழிந்ததைக் கண்டு, எந்தப் பக்கத்துப் பெண் என்று கேளாமல் அழுதார். வாள் வரும்போது ஏழையின் மதத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை என்பதை அவர் கண்ணெதிரே கண்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பஞ்சாப் மண்ணில் மதத்தைக் கேட்டுக் கேட்டு வாள் வீசப்போகிறார்கள் என்பதை அவர் கண்டிருக்க முடியாது.

நடந்து ஓய்ந்தவர், 1520-களில் ராவி நதிக்கரையில் குடியமர்ந்தார். கர்த்தார்பூர் என்று பெயர். படைத்தவனின் ஊர் என்பது பொருள். துறவிக் கோலத்தைக் களைந்தார். மனைவி மக்களோடு வாழ்ந்தார். ஏர் பூட்டினார், விதைத்தார், அறுத்தார். இங்கேதான் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நம் நாட்டில் ஞானி என்றால் காட்டுக்குப் போவார், அல்லது மடம் கட்டி அமர்வார். மற்றவர் உழைப்பில் உண்பார். நானக்கோ, உழைத்து உண், பகிர்ந்து உண், ஆண்டவனை நினை என்று மூன்றே விதிகளை வகுத்து, முதல் விதியைத் தாமே செய்துகாட்டினார். பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொண்டு குரு என்று காலில் விழச் சொல்பவனை நம்பாதீர் என்றும் பாடினார். மன்னரைப் பெறுபவளே பெண்ணாக இருக்க, அவளை இழிந்தவள் என்பது எப்படி என்று கேட்டதும் அவரே.

அங்கே அவர் மூட்டிய அடுப்புத்தான் லங்கர் எனும் பொதுச் சமையற்கூடமாயிற்று. எல்லோரும் சமைப்பர், எல்லோரும் பரிமாறுவர், எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். அந்த வரிசையைப் பங்கத் என்பர் பஞ்சாபியர். நாம் பந்தி என்கிறோமே, அதே சொல்தான். முதற் பந்தி மேற்சாதிக்கு, கடைசிப் பந்தி மிச்சம் மீதி பொறுக்குவோர்க்கு என்றிருந்த நாட்டில், பந்தி ஒன்றே என்றார் நானக். பிற்காலத்தில் சமபந்தி என்று நம்மவர் நடத்திய போராட்டத்தை, அவர் அன்றாடச் சாப்பாடாகவே ஆக்கிவிட்டார். மூன்றாம் குரு அமர்தாசின் காலத்தில், முதலில் பந்தியில் உட்கார், பிறகு குருவைக் காண் என்பது விதியாயிற்று. பேரரசர் அக்பரும் அந்தத் தரையில் அமர்ந்து உண்டார் என்று மரபு கூறும்.

லெஹ்னா எனும் வணிகர், ஆண்டுதோறும் ஜுவாலாமுகி அம்மன் கோயிலுக்கு யாத்திரைக் கூட்டத்தை அழைத்துச் செல்பவர். போகிற வழியில் கர்த்தார்பூரில் நின்றார், அங்கேயே நின்றுவிட்டார். புல்லுக்கட்டுச் சுமந்தார், சேற்றில் இறங்கினார். தமக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தபோது, நானக் தம் மைந்தர் இருவரையும் ஒதுக்கிவிட்டு லெஹ்னாவைத் தேர்ந்தார். அங்கது எனப் பெயர் சூட்டினார். சீடர் கூட்டம் குடும்பச் சொத்தன்று என்பதை அந்தத் தந்தை செயலால் காட்டினார்.

1539 செப்டம்பரில் நானக் கண்மூடினார். உடனே எழுந்தது சச்சரவு. எங்களவர், எரிப்போம் என்றனர் இந்துக்கள். எங்களவர், புதைப்போம் என்றனர் முஸ்லிம்கள். இருதரப்பும் பூ வைக்கட்டும், எவர் பூ வாடாதிருக்கிறதோ அவர் உடலை எடுத்துக்கொள்ளட்டும் என்று கண்மூடும் முன்னரே நானக் கூறியிருந்தாராம். மறுநாள் போர்வையை விலக்கினால், உடல் இல்லை. இருபுறத்துப் பூக்களும் வாடவில்லை. போர்வையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எரித்தனர், மறு பாதியைப் புதைத்தனர் என்பது கதை. கபீரைப் பற்றியும் இதே கதை வழங்குகிறது. கதை மெய்யோ அன்றோ, கர்த்தார்பூரில் நானக்குக்குச் சமாதியும் உண்டு, கல்லறையும் உண்டு. சீக்கியருக்கு அவர் குரு. அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்கு அவர் பெரியவர், பீர். சண்டையிட்டவர்களும் கடைசியில் பகிர்ந்துகொண்டனர். 1539-ல் இருந்த அந்த அறிவு 1947-ல் இல்லாமற் போயிற்று!

ராவி நதி பின்னர் பெருக்கெடுத்துப் பழைய சின்னங்களை அடித்துச் சென்றது. அவருடைய வழித்தோன்றல்கள் மறுகரையில் நினைவிடம் எழுப்பினர். தேரா பாபா நானக் அவ்விதம் எழுந்தது. ஆக, ஆற்றின் இருகரையிலும் நானக் நிலைத்தார். ஆற்றைக் கடக்க ஓடம் போதும் என்றிருந்தது அக்காலம்.

ஐந்தாம் குரு அர்ஜன், 1604-ல் சீக்கியரின் மறைநூலைத் தொகுத்தார். நானக்கின் பாடல்களோடு, நெசவாளர் கபீரின் பாடல்களும், செருப்புத் தைக்கும் குலத்தில் வந்த ரவிதாசரின் பாடல்களும், முஸ்லிம் ஞானி ஷேக் பரீதின் பாடல்களும் அதிலே உள்ளன. தறியும் தோலும் ஏரும் எழுதிய மறை அது!

ஆனால், விதைத்தவர் போனபின் வயலில் களை முளைக்காதிருக்குமா? வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பல குருத்வாராக்கள் மகந்துகள் எனும் பரம்பரை அதிகாரிகளின் கைப்பிடியில் சிக்கின. நிலமும் காணிக்கையும் அவர்களுடைய சொந்தச் சொத்தாயின. சாதியும் உள்ளே நுழைந்தது. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவியோர் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டுவந்தபோது, வாங்கி வைக்க மறுத்தனர் பூசாரிகள். பந்தி ஒன்று என்றவரின் கோயிலிலே தீட்டு! கொதித்தெழுந்தனர் சீர்திருத்தத் தோழர்கள். பூசாரிகள் இடத்தைவிட்டு அகன்றனர். அந்த எழுச்சியில் பிறந்ததே அகாலி இயக்கம். 1921 பிப்ரவரி 20-ல், நானக் பிறந்த நன்கானா சாகிப் குருத்வாராவுக்குள் அமைதியாக நுழைந்த அகாலிகளை, அங்கிருந்த மகந்து கூலியாட்களை ஏவிச் சுட்டும் வெட்டியும் கொன்றான், உடல்களையும் எரித்தான். அவ்வளவு இரத்தம் சிந்தியபின், 1925-ல் குருத்வாராச் சட்டம் வந்தது. மகந்துகளின் கொட்டம் அடங்கிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் கைக்கு நிர்வாகம் வந்தது.

அந்த அகாலிகளை நாம் வேறோர் இடத்திலும் சந்திக்கிறோம். 1924-ல் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டோர் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. அப்போது காங்கிரசில் இருந்த பெரியார் அங்கே சென்று இருமுறை சிறைப்பட்டார். அந்தப் போராட்ட வீரர்களுக்குச் சோறு போட, பஞ்சாபிலிருந்து வந்து அடுப்பு மூட்டினர் அகாலிகள். காந்தியார் அதை ஒப்பவில்லை, அடுப்பு அணைக்கப்பட்டது. ஆனால், ராவிக்கரையில் நானக் மூட்டிய நெருப்பு, நாலு நூற்றாண்டு கடந்து, நாட்டின் தென்கோடியில் தெரு உரிமைக்காக எரிந்ததே, அது பெருமை அன்றோ!

பிறகு வந்தது 1947. அதற்குமுன் இந்நாட்டைக் கண்டிராத ராட்கிளிப் எனும் வெள்ளை வழக்கறிஞர் ஜூலையில் வந்தார். ஐந்தே வாரத்தில் கோடு கிழித்தார். விடுதலை நாள் முடிந்தபின், ஆகஸ்டு 17-ல் அந்தக் கோட்டை வெளியிட்டனர். குர்தாஸ்பூர் மாவட்டத்தின் ஷகர்கட் வட்டம் பாகிஸ்தானுக்கு, மீதி இந்தியாவுக்கு. அந்த வட்டத்தோடு கர்த்தார்பூரும் போயிற்று. நானக் பிறந்த ஊர் அங்கே; மறைந்த ஊர் அங்கே; அவர் பெயர் தாங்கிய தேரா இங்கே. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் பெயர்ந்தனர். பல லட்சம் பேர் மாண்டனர். 

மர்தானாவின் மரபினர் என்று கூறிக்கொண்ட முஸ்லிம் இசைவாணர்கள், தலைமுறை தலைமுறையாகப் பொற்கோயிலில் ரபாப் மீட்டி நானக்கின் பாடல்களைப் பாடிவந்தனர். அவர்களும் அந்த ஆண்டில் அமிர்தசரசைவிட்டுப் பாகிஸ்தானுக்குப் போகவேண்டியதாயிற்று. பாட்டு இங்கே, பாணர் அங்கே! நானக்கையும் மர்தானாவையும் வழிநடையில் எவரும் பிரிக்கவில்லை, வரைபடம் பிரித்தது.

கர்த்தார்பூர் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1974-ல் இரு நாடுகளும் யாத்திரைத் தலங்கள் பற்றி உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி குறித்த நாளில், குறித்த எண்ணிக்கையில், விசா பெற்று, வாகா வழியாகச் சுற்றிச் செல்லலாம். எதிரே தெரியும் இடத்துக்கு நேரே செல்ல வழியில்லை. 1999-ல் நேர்வழி பற்றிய பேச்சு எழுந்தது, அதே ஆண்டில் கார்கில் போர் மூண்டது, பேச்சு புதைந்தது. 2018 நவம்பரில் இருபுறமும் அடிக்கல் நாட்டினர். 2019 பிப்ரவரியில் புல்வாமாத் தாக்குதல், பாலகோட் குண்டுவீச்சு என்று இரு நாடுகளும் போர் விளிம்புக்குச் சென்றன. ஆயினும் வழி அமைக்கும் வேலை நிற்கவில்லை. 2019 நவம்பர் 9-ல், நானக்கின் 550-ஆம் பிறந்த நாளை ஒட்டி, வழி திறந்தது. விசா இல்லை; நாளொன்றுக்கு 5,000 பேர் போகலாம்; காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மகிழ்ந்தோம். ஆனால், திறந்த கதவிலும் சுங்கச்சாவடி இருந்தது. கடவுச்சீட்டு வேண்டும்; பாகிஸ்தானுக்கு 20 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். ஏழைக்கு இலவசச் சோறு போட்ட உழவரின் வயலைக் காண, ஏழை டாலர் தேட வேண்டும்! கொரோனாவால் 2020 மார்ச்சில் கதவு மூடிற்று. 2021 நவம்பரில் திறந்தது. 2022 ஜனவரியில், 1947-ல் பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவர், ஒருவர் இந்தியாவிலிருந்தும் ஒருவர் பாகிஸ்தானிலிருந்தும் வந்து, 74 ஆண்டுகளுக்குப்பின் கர்த்தார்பூரில் கட்டித் தழுவி அழுதனர். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆண்டவன் காட்சி தந்தானோ இல்லையோ, அண்ணனுக்குத் தம்பி காட்சி தந்தான். யாத்திரையின் பயன் இதைவிட வேறு உண்டோ?

2025 ஏப்ரலில் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். மே 7-ல் இந்தியப் படை பாகிஸ்தானில் தாக்குதல் நடத்தியது. அன்றே கர்த்தார்பூர் வழியை இந்திய அரசு அடைத்தது. ஆகஸ்டில் ராவி நதி பெருகி, கர்த்தார்பூர் குருத்வாராவுக்குள் புகுந்தது. இந்தியப் பக்கத்துக் குர்தாஸ்பூர் வயல்களிலும் புகுந்தது. வெள்ளம் கடவுச்சீட்டு கேட்கவில்லை. இருபுறத்து உழவனும் ஒரே நாளில் ஒரே சேற்றில் நின்றான்.

குற்றமற்றோரைக் கொன்றவரைத் தண்டிக்க வேண்டாம் என்றோ, நாட்டின் காவல் வேண்டாம் என்றோ நாம் கூறவில்லை. ஆனால், பழம்பெருமையும் புனிதத் தலமும் நாடாள்வோரின் கையில் எப்படிப்பட்ட கருவியாகின்றன என்பதை உழைக்கும் மக்கள் உணர்ந்திட வேண்டும். வேண்டும்போது திறந்து பெருமை கொள்வர். வேண்டாதபோது பூட்டி வீரம் காட்டுவர். இரு நாட்டிலும் மேடையேறி நானக் எங்களவர் என்று முழங்குவது எளிது. போர்வையைக் கிழிக்கும் கை அது. அதே நானக்கின் பெயரால் அடுத்தவனோடு அமர்ந்து உண்பது கடினம்.

வேலி எல்லையில் மட்டும் இல்லை என்பதையும் மறைத்திடக் கூடாது. இந்தியப் பஞ்சாபிலேயே, சில சிற்றூர்களில் சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு இருக்கக் காண்கிறோம். அந்த ஊர்களிலிருந்தும் யாத்திரிகர் கர்த்தார்பூரை நோக்கிக் கைகூப்பியிருப்பர். தொலைநோக்கி வைத்தாலும் தெரியாத தொலைவு எது? ஒரே ஊரில், ஒரே தெருவின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தொலைவுதான்! அதற்கு ராட்கிளிப் வரவில்லை. நாமே கிழித்துக்கொண்ட கோடு அது. பஞ்சாபில் மட்டுமா? நம் ஊரைச் சுற்றிப் பார்த்தால் நமக்கே விளங்கும்.

ராவிக்கரை உழவர் விட்டுச்சென்ற சொத்து, வெண்ணிறக் கட்டடம் அன்று. அதைப் பின்வந்தோர் கட்டினர். அவர் விட்டுச்சென்றது ஓர் ஏர், ஓர் அடுப்பு, ஒரு பந்தி. கட்டடத்துக்குப் போகும் வழியை அரசுகள் அடைக்கலாம். பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்கு இடம்விட்டு உட்காருவதை எந்த அரசும் அடைக்க முடியாது. அந்த வழி திறந்தே இருக்கிறது. கட்டணமும் இல்லை. நடப்போர் வேண்டும்!